வண்டி மூஞ்சிக்கு ஒரு கொசுவலை

1

காலையில் எதிர்ஃபிளாட் தீபங்கர்தா வந்தார். துர்க்கா பூஜை விடுமுறைக்குக் குடும்பத்தோடு காரிலேயே புரிக்குப் போகிறாராம். "புதுவண்டி பௌதி. ரோட்டுக் கல் பட்டு முன்பக்கம் கெட்டுவிடக் கூடாது. தாதாவுக்குத்தான் அதெல்லாம் தெரியும் என்று எல்லாரும் சொன்னார்கள்" என்று வங்காளத்தில் சொன்னார். பௌதி என்றால் அண்ணி, அது நான்; தாதா என்றால் அண்ணன், அது என் வீட்டுக்காரர். கல்கத்தாவில் இந்த டாலிகஞ்சில் அந்தக் கேள்வியைக் கேட்க எங்கள் வீட்டைவிடப் பொருத்தமான வீடு கிடையாது. மனுஷன் தெரிந்து கேட்கிறாரா, தெரியாமல் கேட்கிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் விளங்கவில்லை.

என் வீட்டுக்காரருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. எந்த அளவுக்கு மலர முடியுமோ அந்த அளவுக்கு. பேப்பரை மடித்து வைத்துவிட்டு ஆரம்பித்தார். ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரிக்குப் பின்னால் போகவே கூடாது, தார்ப்பாய் போட்டிருந்தாலும் போகக் கூடாது. பானட், பம்பர், ஹெட்லைட், கண்ணாடிக் காது எல்லாவற்றுக்கும் கண்ணுக்குத் தெரியாத ஃபிலிம் ஒட்டிவிட வேண்டும். பாதி பானட்டுக்கு மட்டும் ஒட்டிக் காசு மிச்சம் பிடிப்பவன் முட்டாள், கோடு தெரியும். சாயங்காலம் எங்கே நிறுத்தினாலும் பழைய செய்தித்தாளை நனைத்து பம்பர்மேல் போர்த்திவிட்டால் ஒட்டிய பூச்சியெல்லாம் ஊறிக்கொண்டு வந்துவிடும், சுரண்டக் கூடாது.

"ரேடியேட்டருக்கு வலை போடலாமா தாதா?"

"கம்பெனி வலை போடு. கொசுவலை மட்டும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு இவரே சிரித்தார்.

தீபங்கர்தா சிரிக்கவில்லை. பேச்சு முழுக்க அவர் பார்வை என் வீட்டுக்காரரின் சட்டைப் பொத்தானில்தான் இருந்தது. இடது கன்னத்திலிருந்து கழுத்துவரைக்கும் தோல் சுருங்கி, ஓரிடத்தில் வெளுத்து, ஓரிடத்தில் சிவந்து கிடக்கிறது. எதிர்வீட்டில் இருந்துகொண்டு போன வருஷத்திலிருந்து ஒரு தடவைகூட அதை அவர் நேராகப் பார்த்ததில்லை. இங்கே எல்லாரும் அப்படித்தான், நாகரிகமானவர்கள். நம் ஊர்க்காரர்கள் நன்றாகவே பார்ப்பார்கள், பார்த்துவிட்டு அபிப்பிராயமும் சொல்வார்கள். எனக்கு இரண்டுமே பிடிக்கவில்லை.

கடைசியில் இவர் எப்போதும் சொல்வதைச் சொன்னார். "என் அண்ணன் பஸ்ஸுக்கு பாடி கட்டுகிறவர். அவர் கண்ணை ஏமாற்ற முடியாது. இங்கிருந்து கரூர்வரைக்கும் போய் நிறுத்தினேன், கையால் தடவிப் பார்த்துவிட்டு ஒரு கீறல் இல்லை என்றார்."

நான் டீயை மேசையில் வைத்த வேகத்தில் பாதி சாஸரில் கொட்டிவிட்டது. இந்தக் கதையை அவர் இப்படியே எல்லாரிடமும் முடிக்கிறார். ஊரில் இருக்கும் நீங்களும் அவ்வளவுதான் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதனால்தான் மிச்சத்தையும் எழுதுகிறேன். படித்துவிட்டு யாரும் எனக்குப் போன் செய்து ஆறுதல் சொல்ல வேண்டாம்.

2

கல்கத்தாவுக்குப் போனவனுக்கு நம் பக்கத்தில் என்ன மரியாதை என்று உங்களுக்கே தெரியும். துபாய், சிங்கப்பூர்க்காரன் வந்தால் வாசலில் கூட்டம் நிற்கும். கல்கத்தாக்காரன் ரயிலில் பாகு ஒழுகிய ரசகுல்லா டப்பாவோடு வந்து இறங்குவான். அவனுக்கு என்ன கூட்டம் வேண்டிக் கிடக்கிறது?

இவர் பெயர் ஞானசேகரன். கார்டன் ரீச்சில் ரயில்வே தலைமை அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் சேர்ந்து அங்கேயே அதிகாரியாகி ஓய்வும் பெற்றார். இந்த ஊர் அலுவலகங்களில் குடும்பப் பெயர் இல்லாதவனை மனிதனாகச் சேர்ப்பதில்லை. 'டைட்டில் என்ன, டைட்டில் என்ன' என்று கேட்டுக் கேட்டு, ஏதோ ஒரு கவுன்ட்டரில் இவர் தன் அப்பா பெயரை அந்தக் கட்டத்தில் எழுதிக் கொடுத்தார். அதன் பிறகு ரேஷன் கார்டிலிருந்து வண்டியின் ஆர்.சி. வரைக்கும் இவர் பழனிசாமிதான். மருத்துவமனையில் 'மிஸ்டர் பழனிசாமி' என்று கூப்பிட்டால் செத்துப்போன மாமனாரைக் கூப்பிடுகிறார்களோ என்று நான் இன்னும் திரும்பிப் பார்க்கிறேன்.

எங்களுக்கு ஒரே பையன், பிரபு. அந்தப் பெயரைச் சொன்னால் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது, பாபாய் என்றால்தான் தெரியும். தமிழ் பேச வரும், பேசப் பிடிக்காது. கோபம் வந்தால் வங்காளம், காய்ச்சல் வந்தாலும் வங்காளம். சாப்பாடு கேட்கும்போது மட்டும் தமிழ்.

இவருடைய அண்ணனை, என் மூத்தாரைச் சொல்ல வேண்டும். வேலுச்சாமி என்று கரூரில் கேட்டால் பட்டறையைக் காட்டுவார்கள். மாமனார் இளம் வயதிலேயே போய்விட்டதால் இவரைப் படிக்க வைத்தது அவர்தான். அதற்கு நாங்கள் காலில் விழுந்து கும்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். அவரும் காலை நீட்டிக்கொண்டேதான் இருக்கிறார். இவருக்கு வாழ்க்கையில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று, அண்ணன் வாயால் ஒரு நல்ல வார்த்தை. பதவி உயர்வு வந்தபோது போன் செய்தார். "அங்க ஆளில்லையாட்ட இருக்குது" என்றார் மூத்தார். ஃபிளாட் வாங்கியபோது, "கொசு புடிக்கற ஊர்ல வீடு வாங்கியிருக்கறான் பாரு" என்றார். இவர் இரண்டுக்கும் சிரித்தார்.

பாபாய் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது பழைய கார் ஒன்றை வாங்கி அதிலேயே கரூருக்குப் போனோம். ஒரிசா முழுக்க ரோடு அகலப்படுத்திக்கொண்டிருந்த சமயம். லாரிச் சக்கரத்திலிருந்து தெறித்த கல் பட்டுப் பட்டு பானட்டும் பம்பரும் பொரிந்துபோய்விட்டன, ஒரு ஹெட்லைட்டில் விரிசல். பட்டறை வாசலில் நிறுத்தினோம். மூத்தார் வெளியே வந்து வண்டியைப் பார்த்தார், எங்களைப் பார்க்கவில்லை. உள்ளே திரும்பிக் கூப்பிட்டார்.

"எல்லாரும் வாங்கடா. கல்கத்தா ஆபீசர் வந்திருக்கறாரு. வண்டிக்கு அம்மை போட்டிருக்குது பாருங்க. யாராச்சும் ஒரு கொத்து வேப்பிலை ஒடிச்சுட்டு வாங்க."

ஒருவன் நிஜமாகவே ஒடித்துக்கொண்டு வந்தான். மூத்தார் அதை வாங்கி வண்டி மூஞ்சியில், கம்பி இடுக்கில் சொருகினார். பட்டறையே சிரித்தது. நாங்கள் அங்கே இருந்தவரைக்கும் அந்த வேப்பிலை அங்கேயேதான் இருந்தது. எடுத்துப் போடுங்கள் என்று நான் சொன்னேன். "இருக்கட்டும் மஞ்சு, அண்ணன் தப்பா நெனைச்சுக்குவாரு" என்றார். கோவிலுக்குப் போனாலும் கடைவீதிக்குப் போனாலும் வேப்பிலையோடுதான் போனோம். எதிரே வந்தவர்கள் பாதிப் பேர் ஏதோ வேண்டுதல் என்று நினைத்து வழிவிட்டார்கள்.

3

ஓய்வு பெற்ற பிறகு புதுக் கார் வாங்கினார். அரக்குச் சிவப்பு. அதை வாங்கி நிறுத்திய மாதத்திலேயே மூத்தாருக்கு எழுபது வயது நிறைவுக்குப் பீமரத சாந்தி வைத்திருப்பதாகப் பத்திரிகை வந்தது. உடனே போன்.

"புதுவண்டியில வர்றேங்ணா."

"வா. இந்த வாட்டி வேப்பிலை தேட வைக்காத."

அன்றைக்குப் பிடித்தது இந்தப் பைத்தியம். காலையில் எழுந்ததும் வண்டியின் முன்பக்கம் போய் உட்கார்ந்துகொள்வார். முதலில் இரும்புக் குழாயில் ஒரு பெரிய தடுப்பு வாங்கி மாட்டினார். காளை மாடு முட்டினால்கூட ஒன்றும் ஆகாது என்று கடைக்காரன் சொன்னானாம். டாலிகஞ்ச் முனையிலேயே டிராஃபிக் சார்ஜென்ட் ஓரங்கட்டச் சொல்லி அபராதம் போட்டான். அது சட்டப்படி கூடாது, மோதினால் காற்றுப்பை நேரத்துக்கு விரியாது, நடந்து போகிறவன் மேல் பட்டால் அவன் கால் தூளாகிவிடும் என்று பொறுமையாகத்தான் சொன்னான். "நடக்கறவன் பார்த்து நடக்கணும்" என்று இவர் என்னிடம் தமிழில் முணுமுணுத்தார். கார்டன் ரீச்சில் ஒரு எறும்பைக்கூட மிதிக்காத மனுஷன் அவர். வண்டி வந்ததும் இப்படி ஆகிவிட்டார்.

தடுப்பைக் கழற்றிவிட்டு ஃபிலிம் ஒட்டினார். ஒட்டுகிற இடத்தில் நாள் முழுக்க முக்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். பிறகு ரேடியேட்டருக்கு முன்னால் போடும் கம்பெனி வலையை வாங்கி வந்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் தூக்கிப் போட்டார்.

"ஓட்டை பெருசு. ஷ்யாமாபோகா உள்ள போயிரும்."

உங்களுக்கு அந்தப் பூச்சி தெரியாது. பூஜை முடிந்து காளி பூஜை நெருங்கும்போது நெல் வயல்களிலிருந்து கிளம்பி, விளக்கு எங்கே எரிகிறதோ அங்கே வந்து கொட்டும். பச்சை நிறம், எள்ளைவிடக் கொஞ்சம் பெரிது. நாங்கள் கிளம்ப வேண்டியிருந்தது சரியாக அந்தச் சமயத்தில்.

இந்த ஊரில் கொசுவலைக்கு மஷாரி என்று பெயர். இங்கே புருஷன் பெண்டாட்டிச் சண்டையில் பாதி, இன்றைக்கு மஷாரி கட்டுவது யார் முறை என்பதில்தான் ஆரம்பிக்கும். கோடீஸ்வரன் வீட்டிலும் கட்டிலுக்கு நான்கு மூலையில் ஆணி உண்டு. இத்தனை வருஷம் அதற்குள் படுத்த புத்திதான் இவருக்கு வேலை செய்தது. வீட்டிலிருந்த நைலான் மஷாரியை எடுத்துக்கொண்டு மார்க்கெட் தையல்காரனிடம் போய், இரண்டு மடிப்பாக வைத்து, ஓரத்தில் எலாஸ்டிக் கொடுத்து, வண்டி மூஞ்சிக்கு அளவெடுத்துத் தைத்துக்கொண்டு வந்தார். தலையணைக்கு உறை மாதிரி சிக்கென்று பொருந்தியது.

பாபாய் இறங்கி வந்து பார்த்தான். "அப்பா, இஞ்சின் மூச்சு விட வேணாமா?"

"நீ தெனம் இதுக்குள்ள படுத்து மூச்சு விடலையா? காத்து வரும், பூச்சி வராது. அதுக்குத்தானே மஷாரி."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. பைபாஸில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தோம், சூட்டு முள் அசையவே இல்லை. தீபங்கர்தா உட்பட எல்லாரும் வந்து பார்த்து, மதராஸிக்கு மூளை அதிகம் என்று பாராட்டிவிட்டுப் போனார்கள்.

4

விடியும்போதே கிளம்பியும் சாந்த்ராகாச்சியைத் தாண்டுவதற்குள் வெயில் வந்துவிட்டது. அங்கே லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு ஊர்ந்தோம். ஹைவேயில் ஏறிய பிறகும் ஊர்ந்துகொண்டுதான் இருந்தோம். முன்னால் எந்த லாரி தெரிந்தாலும் இவர் வேகத்தைக் குறைத்து, அது கண்ணுக்கு மறைகிறவரை ஓரமாகவே போவார். பின்னால் வந்தவர்கள் அடித்த ஹாரனையும் திட்டிய திட்டையும் எழுத முடியாது. பாபாய் காதில் பாட்டை மாட்டிக்கொண்டான். எனக்கு அந்த வசதி இல்லை.

பாலசோர் தாண்டிச் சாயங்காலம் பூச்சி வந்தது. முன்கண்ணாடியில் தூறல் விழுவதுபோல் விழுந்துகொண்டே இருந்தது. இவருக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா, எல்லாம் வலையோட நின்னுச்சு" என்றார். உண்மைதான், எல்லாம் வலையோடு நின்றது. புவனேஸ்வரில் லாட்ஜில் தங்கியபோது பம்பருக்கெல்லாம் நனைத்த பேப்பர் போர்த்திச் சுத்தம் செய்தார். வலையை உதறப் போனால் அது நசுங்கிய பூச்சியும் பிசினுமாக இருந்தது. காய்ந்தால் தானே உதிரும் என்று அப்படியே விட்டுவிட்டார். மறுநாள் சில்கா பக்கம் மழை. லாரிகள் வாரியடித்த செம்மண் குழம்பு அந்தப் பிசின்மேல் பூசியது. பிறகு ஆந்திராவுக்குள் நுழைந்ததும் சுள்ளென்று வெயில் அடித்து அதைக் காய வைத்தது. வண்டி மூஞ்சியில் வறட்டி தட்டினமாதிரி ஆகிவிட்டது. அந்தப் பக்கம் காற்று எப்படிப் போகும் என்று எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஸ்ரீகாகுளம் தாண்டி கல் குவாரிகள் உள்ள பகுதி. மத்தியானம். ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. இவர் கண்ணெல்லாம் ரோட்டில் கிடக்கும் கல்லில்தான், சூட்டு முள்ளைப் பார்க்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாபாய்தான் பார்த்துக் கத்தினான். ஓரங்கட்டுவதற்குள் பானட் இடுக்கிலிருந்து ஆவி வந்துவிட்டது.

நிழலில் உட்கார்ந்து ஆற விட்டிருந்தால் ஒன்றுமே இல்லை. பாபாய் அதைத்தான் சொன்னான், கொஞ்சம் பொறு என்று தமிழிலும் வங்காளத்திலும் மாற்றி மாற்றிச் சொன்னான். ஆனால் வண்டி நின்ற இடம் குவாரிக்குத் திரும்பும் முனை. ஜல்லி டிப்பர்கள் ஒன்றன்பின் ஒன்றாக எங்கள் வண்டிக்கு எதிராகத் திரும்பிக்கொண்டிருந்தன, ஒவ்வொன்றும் நாலு கல்லைச் சிந்திவிட்டுப் போனது. "இங்க நிறுத்தி வெச்சா மூஞ்சி போயிரும்டா. தண்ணி ஊத்திக் கெளப்பிரலாம்" என்றார். டிக்கியிலிருந்து மெத்தை விரிப்பை எடுத்து என் கையில் கொடுத்து, பம்பருக்கு முன்னால் பிடித்துக்கொள்ளச் சொன்னார். நான் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் துண்டைச் சுற்றிக்கொண்டு, கொதிக்கிற தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திருகினார்.

பால் பொங்கி அடுப்பில் விழுந்த மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். இவர் கத்தவில்லை. இரண்டு அடி பின்னால் வந்து உட்கார்ந்துவிட்டார். இடது கன்னம், காது, கழுத்து, முன்கை. தோல் என் கண் முன்னாலேயே நிறம் மாறியது. நான் விரிப்பைப் போட்டுவிட்டு ஓடினேன். அவர் சொன்ன முதல் வார்த்தையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"மஞ்சு, பெயின்ட் மேல பட்டிருக்குது. தொடை."

5

மருத்துவமனையில் கட்டுப் போட்டதுமே போலீஸ் வந்தது. முகத்தில் வெந்துபோய் வந்தால் கேஸ் எழுதியே ஆக வேண்டுமாம். கான்ஸ்டபிளுக்குத் தெலுங்கு. எங்களுக்குத் தமிழ், வங்காளம், அரைகுறை ஹிந்தி. அவர் ஆர்.சி.யைப் பார்த்துவிட்டு, வண்டிக்குச் சொந்தக்காரரான பழனிசாமி எங்கே என்று கேட்டார். பாபாய், அவர் செத்துப் பல வருஷம் ஆகிறது என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தான். செத்தவன் பெயரில் புதுவண்டி, உள்ளே வெந்துபோன கிழவன், பக்கத்தில் காயமே இல்லாத பெண்டாட்டி. கான்ஸ்டபிள் பேனாவை மூடிவிட்டு என்னைத் தனியாக வரச் சொன்னார்.

"நீங்கள் ஊற்றினீர்களா?" ஹிந்தியில் கேட்டார்.

"ஊத்தறதா இருந்தா இத்தனை வருஷம் ஏன் காத்துட்டிருக்கப் போறேன்" என்று தமிழில் சொன்னேன். தமிழ் தெரிந்த நர்ஸ் ஒருத்தி சிரித்துக்கொண்டே அதைத் தெலுங்கில் சொன்னாள். அவரும் சிரித்துவிட்டு எழுதிக்கொண்டு போனார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்ட கணத்தில், ஊற்றியிருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது.

வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. பட்டறையில் ஒரு ரப்பர் குழாயை மாற்றி, தண்ணீர் ஊற்றினார்கள், கிளம்பிவிட்டது. வலையை நான் குப்பையில் போட்டேன். விழாவுக்கு முன்கூட்டியே போய் வேலை செய்யலாம் என்று கிளம்பியிருந்த நாட்களெல்லாம் அந்த ஆஸ்பத்திரியில் போயின. வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்னதும், கல்கத்தாவுக்கே திரும்பிவிடலாம் என்று நான் சொன்னேன், கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"திரும்பிப் போனாலும் வண்டி ரோட்டுலதானே போகணும். கல்லு எந்தப் பக்கம் போனாலும் கல்லுதான். அதுக்கு அண்ணன்கிட்டக் காட்டிட்டே வந்துரலாம்" என்றார். வாய் ஒரு பக்கம் திறக்கவில்லை, குழறிக் குழறித்தான் சொன்னார். பாபாய் சாவியை எடுத்துக்கொண்டான்.

6

விழாவுக்கு முதல் நாள் சாயங்காலம் கரூர் போய்ச் சேர்ந்தோம். மூத்தார் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். பாபாய் இறங்கிப் பதற்றத்தில் "ஜேட்டு" என்றான். வங்காளத்தில் பெரியப்பாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். சின்னப் பிள்ளைகள் எல்லாம் ஜேட்டு, ஜேட்டு என்று சொல்லிச் சிரித்தன. அவன் முகம் இறுகிவிட்டது.

மூத்தார் நேராக வண்டிக்கு முன்னால் போனார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குத்தவைத்து உட்கார்ந்தார். பானட் விளிம்பு, விளக்கு, பம்பர், நம்பர் பிளேட்டின் ஓரம் என்று உள்ளங்கையால் தடவிக்கொண்டே வந்தார். பேரனின் செல்போனை வாங்கி வெளிச்சம் அடித்துப் பார்த்தார். இவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், கன்னம் முழுக்க வெள்ளைக் களிம்போடு. மூச்சு விடுகிறாரா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

"ஒரு கீறல் இல்லடா" என்றார் மூத்தார். "சுத்தமா இருக்குது. என் பட்டறையில இருந்து எறக்குன மாதிரி."

இவர் சிரித்தார். ஆறிக்கொண்டிருந்த தோல் வெடித்து உதட்டோரத்தில் ரத்தம் வந்தது. துடைக்கவில்லை. அப்போதுதான் மூத்தார் நிமிர்ந்து பார்த்தார்.

"இதென்னடா கோலம்?"

பாபாய் நடந்ததைச் சொன்னான், அவனுக்குத் தெரிந்த தமிழில். கொசுவலை என்று கேட்டதும் மூத்தார் விழுந்து விழுந்து சிரித்தார். "வண்டிக்கு மூடுனவன் உன்ற மூஞ்சிக்கும் ஒண்ணு தெச்சு மூடியிருக்கலாமல்ல" என்றார். பந்தல்காரர்கள்வரை சிரித்தார்கள். இவரும் சேர்ந்து சிரித்தார்.

மறுநாள் காலை மண்டபத்துக்குக் கிளம்பும்போது மூத்தார் இவரைத் தனியாகக் கூப்பிட்டார். நானும் அங்கே இருந்தேன் என்பதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை.

"ஞானம், வீடியோக்காரன் வர்றான். சம்பந்தி வீட்டாளுங்க எல்லாம் மொதல் வரிசையில உக்காருவாங்க. மங்களமான காரியம், நான் சொல்றது புரியுதல்ல. நீ பின்னால பந்தியைப் பாத்துக்க. உன்ற கையில விட்டாத்தான் சரியா இருக்கும்."

"சரிங்ணா."

"வண்டியை மட்டும் முன்னால நிறுத்தச் சொல்லு. நானும் அவளும் அதுலதான் மண்டபத்துக்கு வந்து எறங்கறம்."

"சரிங்ணா."

இத்தனை வருஷம் அவர் சொன்ன எல்லா சரிங்ணாவையும் கேட்டவள் நான். அன்றைக்குச் சொன்னதில் குறையே தெரியவில்லை. வண்டியைக் கேட்டுவிட்டாரே என்ற பெருமைதான் குரலில் இருந்தது.

வண்டியை ரோஜாவும் சம்பங்கியுமாக அலங்கரித்தார்கள். பாபாய்தான் ஓட்டினான். மண்டப வாசலில் நாதஸ்வரத்தோடு வந்து நின்றது. மேற்கு வங்கத்து நம்பர் தெரியாதபடி பிளேட்டின்மேல் பூச்சரத்தை அடர்த்தியாகக் கட்டியிருந்தார்கள். மூத்தாரும் ஓரகத்தியும் இறங்கி, வண்டி மூஞ்சியில் கை வைத்துக்கொண்டு வீடியோவுக்கு நின்றார்கள். சம்பந்தி பானட்டைத் தட்டிப் பார்த்து, "புதுசுங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்க. எழுபதுக்குப் பையன் எடுத்துக் குடுத்தது" என்றார் மூத்தார்.

நான் ஆரத்தித் தட்டோடு கைக்கெட்டும் தூரத்தில் நின்றேன். மூத்தாரின் பையனும் நின்றான், அவன் செருப்பைப் பார்த்துக்கொண்டான். ஸ்டியரிங்கில் இருந்த பாபாய் என்னைப் பார்த்தான். பிறகு இறங்கி வந்து சாவியை என் கையில் வைத்து, இனிமேல் இந்த ஊருக்கு வர மாட்டேன் என்று வங்காளத்தில் சொல்லிவிட்டு ரோட்டுக்குப் போய்விட்டான். அவன் சொன்னதைச் செய்கிறவன். இந்த வருஷம் யார் கல்யாணத்துக்கும் அவன் வராதது ஏன் என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில்.

சடங்கெல்லாம் முடிந்தபின் பின்பக்கம் போனேன். பந்தியைப் பார்த்துக்கொள்ளவும் இவரை விடவில்லை. இலை போடும் இடத்தில் நின்றபோது ஒரு குழந்தை பார்த்துவிட்டு வீறிட்டதாம், அதனால் சமையல்கட்டைத் தாண்டிப் பாத்திரம் கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசையில் உட்கார வைத்திருந்தார்கள். ரசம் சாதத்தைச் சின்னச் சின்ன உருண்டையாக உருட்டி, வாயின் நல்ல பக்கமாகத் தள்ளிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"மஞ்சு, அண்ணன் வண்டியப் பத்தி யாருகிட்டயாச்சும் சொன்னாரா?"

பொய் சொல்லியிருக்கலாம். எனக்குப் பொய் சொல்லத் தெரியாதா என்ன? ஆனால் அந்த நிமிஷத்தில் அவருக்கு வலிக்க வேண்டும் என்றுதான் எனக்கு இருந்தது. ஒரு தடவையாவது நன்றாக வலித்து, அந்த ஆசை அதோடு செத்துப்போகட்டும் என்று நினைத்தேன். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். "பையன் எடுத்துக் குடுத்ததுன்னா சொன்னாரு?"

"ஆமா."

"நம்பர் பிளேட்டு?"

"பூவை வெச்சு மறைச்சுட்டாங்க."

உருண்டையை இன்னொரு சுற்று உருட்டினார். பிறகு, "டேப்பு போட்டு ஒட்டுனாங்களா, நூல்ல கட்டுனாங்களா?" என்று கேட்டார்.

"நூல்லதான்."

"அப்பச் சரி. டேப்புன்னா எடுக்கறப்ப ஃபிலிமோட வந்துரும்" என்று சொல்லிவிட்டு உருண்டையை வாயில் போட்டார். மெல்ல ஆரம்பித்ததும் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. வெந்த கன்னத்தில் உப்புத் தண்ணீர் பட்டதும் துடித்துப்போய்த் துண்டால் ஒற்றிக்கொண்டார். ரசத்தில் மிளகு தூக்கல் என்றார்.

அப்போது பரிமாறுகிற ஆள் ஒருவன் வந்து தயங்கி நின்றான். "அய்யா, சம்பந்தி வீட்டுக்காரங்க கை கழுவ இந்தப் பக்கந்தான் வர்றாங்க. நீங்க கொஞ்சம் அக்கட்டால போயி உக்காந்துக்கறீங்களா?"

இவர் உடனே எழுந்துவிட்டார். இலையைப் பாதிச் சாப்பாட்டோடு இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார். எதிரே சம்பந்தி வீட்டார் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களைக் கடக்கும்போது வெந்த கன்னம் சுவர்ப்பக்கமாக இருக்கும்படி உடம்பைத் திருப்பிக்கொண்டு, பக்கவாட்டில் அடி வைத்து நடந்தார். ஒருவரும் அவரைக் கவனிக்கவில்லை. நான் அவருடைய தண்ணீர் டம்ளரை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன், அண்ணன் தம்பி இரண்டு பேரையும் வெட்டிப் போடலாம் என்கிற கோபத்தோடு.